தயிரின் மேல் போட்ட பழி

சித்ரகலா என்ற பெயரை ரங்காத்தாள் முதன்முதலில் கேட்டது ஒரு தும்மலோடு சேர்த்துத்தான். தொண்ணூற்றெட்டாம் வருஷம், வைகாசி மாதம். தரகர் குருசாமி அவிநாசிபாளையத்து வீட்டில் வந்து உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணு பேரு சித்ரகலாங்க, ரத்தினசாமி மக" என்று சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, ரங்காத்தாளின் வீட்டுக்காரர் மூக்குப்பொடியை இழுத்துவிட்டு ஒரே ஒரு தும்மல் போட்டார். தரகரின் முகம் சுருங்கிப்போயிற்று. ஒற்றைத் தும்மல் தடை, இரட்டைத் தும்மல் சுபம் என்பது அந்தப் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

ரங்காத்தாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, இன்னொரு சிட்டிகை போட்டு இன்னொண்ணும் தும்மிப்போடுங்க. ஒரு புள்ளையோட கலியாணம் உங்க மூக்குலயா வந்து நிக்கோணும்?"

அவரும் பொடி போட்டார், தும்மினார். ரங்காத்தாளின் மகன் திருமூர்த்திக்கு சித்ரகலா மனைவியாக வந்து சேர்ந்தாள்.

ரத்தினசாமிக்கும் மயிலாளுக்கும் பிள்ளைகள் இரண்டே பேர். மூத்தவள் சித்ரகலா, அவளுக்கு ஆறு வயது இளையவன் சசிகுமார். ரத்தினசாமிக்கு ஒரு அண்ணன், ஆத்தப்பன். அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். ஒரு வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிதான். ஆனாலும் தம்பி வீட்டில் உலை வைப்பதற்குக்கூட அண்ணன் முகத்தைப் பார்ப்பார்கள். ரங்காத்தாளுக்கு அது நிச்சயத்தன்றைக்கே பிடிக்கவில்லை. பெண்ணைப் பிடித்திருந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

சித்ரகலா தும்மிக்கொண்டு வந்தவள் இல்லை. நாலு வருஷம் நன்றாகத்தான் இருந்தாள். அருள்புரத்தில் வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனை விளக்கு வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை பார்த்துப் பிரித்துப் போடுவாள். அவள் கண்ணுக்குத் தப்பிய ஓட்டை கிடையாது என்று பெயர்.

இரண்டாயிரத்து இரண்டில் ஆத்தப்பன் ரங்காத்தாள் வீட்டுக்குக் கிழக்கே இருந்த சோளக்காட்டை வாங்கினார். கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டினார். சைட்டுப் பிரித்து விற்பதாகப் பேச்சு. பிரிக்கவும் இல்லை, உழவும் இல்லை. அந்த வருஷத்து ஐப்பசி மழைக்குக் காடு முழுக்க பார்த்தீனியம் முளைத்தது. கார்த்திகையில் இடுப்புயரம். மார்கழியில் பார்த்தால் பொரியை இறைத்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பூ. அந்த மார்கழியில்தான் சித்ரகலாவுக்கு முதல் தும்மல் வந்தது. ஒன்று இரண்டல்ல, விடிந்ததும் பத்து, பன்னிரண்டு. மூக்கு ஒழுகும், கண் சிவந்து அரிக்கும், தொண்டைக்குள் நமைச்சல். மாசியில் நின்றது, அடுத்த கார்த்திகையில் திரும்ப வந்தது. அதன்பின் வருஷா வருஷம்.

அதற்கப்புறம் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். தயிர் ஆகாது என்றார் ஒருவர். வாழைப்பழம் சளி, கொய்யா சளி, வெண்டைக்காய் குளிர்ச்சி, நிலக்கடலை கபம். மயிலாள் மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரு பண்டத்தைக் கழித்துவிட்டுப் போனாள். தலைக்குக் குளிக்காதே என்றும் சொல்லிவிட்டுப் போனாள். கடைசியில் அந்தப் பெண்ணின் தட்டில் மிளகு ரசமும் சோறும்தான் மிச்சம். கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறிற்று. தும்மல் மட்டும் இறங்கவில்லை.

டாக்டரிடமும் போனாள். அவர் கொடுத்த மாத்திரையில் தும்மல் அடங்கும், கூடவே கண் சொருகும். செக்கிங் மேசையில் தூங்கி வழிந்து ஓட்டைப் பனியனை நல்ல பனியன் கட்டோடு சேர்த்துவிட்டாள். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்டார், "ஏம்மா, ஓட்டை துணியிலயா, உங்கண்ணுலயா?" அதோடு, தாங்கவே முடியாத நாளைக்கு மட்டும்தான் மாத்திரை என்று வைத்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்து ஏழில் சசிகுமாருக்குப் பெண் அமைந்தது. தை மாதம் கல்யாணம். கொங்குக் கல்யாணத்தில் தாலிக்கு முந்தி இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளையும் உடன்பிறந்தவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கூறைப்புடவையின் ஒரு முனையை அவனும் மறு முனையை அவளும் பிடித்திருக்க, அருமைக்காரர் முன்னின்று சீரை நடத்துவார். பெண்டாட்டி வந்தாலும் அக்கா தங்கை உறவு அறாது என்று ஊரறியச் சொல்லும் சீர் அது. சித்ரகலா ஒரே அக்கா. அந்த முனை அவளுக்கல்லாமல் யாருக்கு?

கார்த்திகை பிறந்ததும் ஆத்தப்பன் காரில் வந்து இறங்கினார். பின்னாலேயே ரத்தினசாமியும் சசிகுமாரும்.

"சம்பந்தி, ஒண்ணும் தப்பா நெனைக்கப்படாது. சீர் நடக்கறப்ப இந்தப் புள்ள தும்முனா சகுனத் தடையாப் போயிருமுங்க. நம்ம வர்ஷினி உக்காரட்டும். அவளும் தங்கச்சிதானுங்களே?"

வர்ஷினி அவர் மகள், காலேஜில் படிக்கிறவள். ரங்காத்தாள் ரத்தினசாமியைப் பார்த்தாள். அவர் அண்ணனைப் பார்த்தார். சசிகுமாரைப் பார்த்தாள்.

"நீ என்ன கண்ணு சொல்றே?"

"பெரியப்பா சொல்றாருங்க அத்தை..." என்று அவன் இழுத்தான்.

சித்ரகலா மூன்று காப்பித் தம்ளரோடு கதவு நிலையோரம் நின்றிருந்தாள். அழவில்லை. தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ரங்காத்தாள் ஆத்தப்பன் பக்கம் திரும்பினாள்.

"என்ற மருமக என்ன பாவம் பண்ணிப்போட்டாளுங்க? மூக்கு ஒழுகறவளுக்குக் கூடப் பொறந்தவன் இல்லைன்னு ஆயிருமா?"

"வாயைக் கட்டோணுமுங்க சம்பந்தி. தயிரும் பழமும் திங்கற புள்ளைக்குத் தும்மல் வராம என்ன வரும்? சரி, உங்களுக்காவ ஒண்ணு சொல்றேன். அவளே உக்காரட்டும். ஒரு தும்மல் வந்துதுன்னா எந்திரிச்சரோணும். வர்ஷினி பக்கத்துலயே இருப்பா." சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

தயிரைக் கண்ணால் பார்த்து மூன்று வருஷம் ஆன பெண்ணைப் பார்த்து அந்த மனுஷன் தயிர் தின்கிறாள் என்று சொன்னார்! நாக்குக்கு நரம்பில்லை என்பது சும்மாவா?

அந்த வாரமே ஊத்துக்குளியிலிருந்து ஆள் வந்தது. ரங்காத்தாளின் தங்கை செல்லாத்தாள் தொட்டியோரத்தில் வழுக்கிக் கால் பிசகிக் கிடந்தாள், பார்த்துக்கொள்ள இரண்டு எருமை வேறு. ரங்காத்தாளும் சித்ரகலாவும் போய் ஐந்து நாள் இருந்தார்கள். செல்லாத்தாளுக்குச் சாப்பிடாதவர்களைக் கண்டால் ஆகாது. "இதென்ன அம்மிணி, சீக்குக் கோழியாட்டம் கொறிக்கறே?" என்று சோற்றில் கெட்டித் தயிரை ஊற்றினாள், வெண்ணெயை உருட்டி வைத்தாள். சித்ரகலா பயந்து பயந்து தின்றாள். இரண்டாம் நாள் பயமில்லாமல் தின்றாள். தலைக்குக் குளித்தாள். ஐந்து நாளும் ஒரு தும்மல் கிடையாது.

ஆறாம் நாள் அவிநாசிபாளையத்தில் விடிந்தது. சித்ரகலா கிழக்கு ஜன்னலைத் திறந்தாள், வாடைக்காற்று வந்தது, பதினொரு தும்மல். ரங்காத்தாள் எண்ணிக்கொண்டே வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று பூ. ஆடி மாதம் மேற்கிலிருந்து காற்றடிக்கும்போது இவளுக்கு ஒன்றும் வருவதில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. ஐந்து வருஷம்! பூ பக்கத்துக் காட்டில், பழி தயிர் மேல். அந்தக் காடு ஆத்தப்பனுடையது. அடுத்த பஸ்ஸில் அருள்புரம் போய்விட்டாள்.

ஆத்தப்பன் கம்பெனி ஆபீஸில் இருந்தார்.

"சம்பந்தி, உங்க காட்டுச் செடிதானுங்க என்ற மருமவளத் தும்ம வெக்குது. அதைப் புடுங்கிப்போடுங்க."

அவர் சிரித்தார். "செடிக்கும் மூக்குக்கும் என்னங்க சம்பந்தம்? அந்தப் பக்கத்துல நாப்பது ஊடு இருக்குது. உங்கூட்டு மூக்கு மட்டும்தான் ஒழுகுதா?"

"நாப்பது ஊட்டுலயும் சோறு ஆக்கறாங்க. எல்லாத்துக்குமா கத்திரிக்காய் அரிக்குது? ஒடம்புக்கு ஒடம்பு வேறதானுங்களே."

"கலியாண வேலை தலைக்கு மேல கெடக்குது சம்பந்தி. தை போவட்டும், பாக்கலாம்."

தை போனால் பூவும் போய்விடும். அது அவருக்கும் தெரியும்.

ரங்காத்தாள் வீட்டுக்கு வந்து கிழக்கு ஜன்னலுக்குக் குறுக்கே பலகை அடித்தாள். அன்றிலிருந்து மாமியாரும் மருமகளும் காற்றோடு மல்லுக்கு நின்றார்கள். கம்பியோரம் காய்ந்த துணிக்கொடி மேற்குச் சுவருக்கு மாறிற்று, பூந்துகள் ஏறிய சேலையை நாளெல்லாம் உடுத்தினால் தும்மாமல் என்ன செய்யும்? வெய்யில் ஏறும்வரை கதவு திறப்பதில்லை. வேலைக்குப் போகும்போது சித்ரகலா மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டாள். வந்ததும் தலையோடு குளியல், மாற்றுத் துணி. கொதித்து ஆறிய நீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவுவது ஒரு வேலை. மூக்கு அடைத்த நாளில் கொதிநீரில் ஆவி பிடித்தாள். மிளகு ரசம் தொண்டைக்கு இதம் என்பதால் இருந்தது. தயிர், கொய்யா, வாழைப்பழம் எல்லாம் தட்டுக்குத் திரும்பி வந்தன. தும்மல் அடியோடு போகவில்லை. பன்னிரண்டு மூன்றாயிற்று, சில நாள் ஒன்றுமில்லை. வளையல் மணிக்கட்டுக்கு இறங்கிற்று.

"அத்தை, அன்னிக்கு மட்டும் வராம இருந்தாப் போதுங்க," என்பாள் சித்ரகலா.

"வந்தா வரட்டும். நீ கூறைப்பொடவை முனையை மட்டும் உட்றாதே."

முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை, பல்லடம் ரோட்டு மண்டபம். சித்ரகலா தலை குளித்து, தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். கூறைப்புடவையின் இரு முனையும் இருவர் கையில். அருமைக்காரர் சீரைத் தொடங்கினார். சொன்னபடியே வர்ஷினியைப் பட்டு உடுத்தி மேடையோரம் நிறுத்தியிருந்தார் ஆத்தப்பன். பாதிச் சீர் ஒரு குறையில்லாமல் நடந்தது.

அப்போது ஆத்தப்பனின் கம்பெனி ஆட்கள் டவுனில் வாங்கிய பூச்செண்டுகளைக் கொண்டுவந்து மேடையில் அடுக்கினார்கள். ஒன்று சித்ரகலாவின் முழங்காலுக்குப் பக்கத்தில். அவள் மூக்கு துடித்தது. ரங்காத்தாள் உற்றுப் பார்த்தாள். ரோஜாவுக்கு நடுவே பூக்கடைக்காரன் இட்டு நிரப்பிய பொடிப்பொடியான வெள்ளைப் பூ. ஐந்து வருஷமாகக் கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்த அதே பூ. எழுந்து ஓடி அதைத் தூக்கினாள். அதற்குள் சித்ரகலா தும்மிவிட்டாள். ஒன்று.

அருமைக்காரர் கையை நிறுத்தினார்.

"வர்ஷினி, வா கண்ணு," என்றார் ஆத்தப்பன்.

சித்ரகலா கண்ணில் நீரோடு முனையை வைக்கப் போனாள். வைக்க முடியவில்லை. சசிகுமார் தன் முனையோடு சேர்த்து அவள் கையையும் பிடித்திருந்தான்.

"உக்காருக்கா."

"சசி..." என்றார் ரத்தினசாமி.

"இல்லீங்கப்பா. எங்கக்கா எந்திரிச்சா நானும் எந்திரிச்சுக்கறேன். சீரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீ எத்தனை வேணும்னாலும் தும்முக்கா."

ரங்காத்தாள் பூச்செண்டை அருமைக்காரர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இது என்ன செடீன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் கிள்ளிப் பார்த்தார். "அட, பார்த்தீனியம்! மாடு வாய் வெக்காததை எவனுங்க மணவறைக்குக் கொண்டாந்தது?"

பூச்செண்டு அத்தனையும் ரோட்டுக்குப் போயிற்று. அதற்குள் சித்ரகலாவின் மூக்குக்குள் போனது போனதுதான். சீர் நடக்க நடக்கத் தும்மிக்கொண்டே இருந்தாள், முனையை விடவில்லை. எல்லாம் அடங்கியதும் ரங்காத்தாள் சபைக்கே கேட்கும்படி சொன்னாள்:

"பன்னெண்டுங்க சம்பந்தி, எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். ஒத்தை இல்லீங்க, ரெட்டைதான்."

மண்டபம் சிரித்தது. ஆத்தப்பன் சிரிக்கவில்லை, பந்தியிலும் உட்காரவில்லை. காட்டையும் கடைசிவரை சுத்தம் பண்ணவில்லை. அடுத்த ஐப்பசியில் சசிகுமார் ஆறு ஆளோடு வந்து, கையில் உறை மாட்டி, செடி பூவெடுக்குமுன் வேரோடு பிடுங்கினான். பெரியப்பாவிடம் கேட்கவில்லை.

சித்ரகலா இப்போதும் அவிநாசிபாளையத்தில் அதே வீட்டில்தான் இருக்கிறாள். அருள்புரத்துக்கு செக்கிங் வேலைக்குப் போகிறாள், மதியத்துக்குத் தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு போகிறாள்.