கடைசிப் புள்ளி

சவேலி மக்ஸிமிச் இறந்த ஒன்பதாம் நாளன்று காற்றுச் சுரங்கக் கூடத்தில் அவர் படத்தின் முன்னால் அவருக்கென ஒரு குவளை வோட்கா ஊற்றி, மேலே கறுப்பு ரொட்டித் துண்டால் மூடினார்கள். மற்றவர்கள் குவளைகளை மோதாமல் குடித்தார்கள். மகள் ரிம்மாவும் குடித்தாள். நெஞ்சு எரிந்ததா என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. நோவோசிபிர்ஸ்க் மண் பனியில் இறுகிக் கிடந்ததால் குழி தோண்ட இயந்திரம் வர வேண்டியிருந்தது. அது மட்டும் நினைவிருந்தது.

அவருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே வேலை. உலோகக் கூம்பு ஒன்றைச் சுரங்கத்தில் பொருத்தி, ஒலியைப் போல் ஆறு மடங்கு வேகத்தில் அதன்மேல் காற்றை விடுவார். கூம்பின் ஒரு பாதி வழவழப்பு. மறு பாதி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். உலோகத்தை ஒட்டி ஓடும் காற்றில், காதுக்குக் கேட்காத ஒலியாக, ஓர் அதிர்வு கிளம்பும். அது வளர்ந்தால் ஓட்டம் குலைந்து உலோகம் கொதிக்கும். துளைகள் அதை முளையிலேயே விழுங்கிவிடும். அவர் அளப்பதை ரிம்மா மாடியில் கணினியில் போட்டுப் பார்ப்பாள். துளைகளை வரைவதில்லை, இந்தச் சுவர் இவ்வளவு ஒலியை விழுங்கும் என்று மட்டும் எழுதுவாள்.

"உன் சுவத்துல ஒரு ஓட்டைகூட இல்லையேம்மா! வாயால சொல்லியே விழுங்க வைக்கிறியா?" என்பார், சூப்பை ஊதிக்கொண்டே.

வரைபடத்தில் அவர் கடைசியாக அளந்த புள்ளி அவளுடைய கோட்டில் உட்காரவில்லை. துளையே இல்லாத சுவரைப் போல வெகு மேலே நின்றது. அந்த வரைபடத்தோடு கட்டுரை வெள்ளிக்கிழமை ஆய்விதழுக்குப் போக வேண்டும்.

"இருந்துட்டுப் போகட்டும், ரிம்மா சவேலியெவ்னா," என்றார் துறைத் தலைவர். "மனுஷனே போயாச்சு. ஒரு புள்ளியில என்ன வந்துடப் போகுது?"

"சரியா இருந்தா இருக்கட்டும்."

சரியாக இருக்க வேண்டும் என்றுதான் அவள் விரும்பினாள். தன் கணக்கில் தவறு தேடினாள். சுவரின் வெப்பத்தை மாற்றினாள். கோடு அசையவில்லை. பிறகு, மனமில்லாமல், அதிர்வை அளக்கும் உணரிக்கு முன்னால் ஒரு பட்டையில் மட்டும், துளைகள் அடைபட்டதுபோல, சுவர் எதையும் விழுங்காது என்று எழுதிப் பார்த்தாள். கோடு ஏறி அப்பாவின் புள்ளியைத் தொட்டது.

கீழே போனாள். கூம்பு அவருடைய அலமாரியிலேயே இருந்தது. அவரோடு கூடத்தில் வேலை பார்த்த ஸோயா உருப்பெருக்கியைக் கொடுத்தாள். துளைகளுக்குள் கிரீஸ் அப்பியிருந்தது. நான்கு விரல் தடங்கள்.

"கையுறை இல்லாம தொட்டா விரலை ஒடிப்பேன்னு எங்களை மிரட்டுன கிழவன்," என்றாள் ஸோயா. "அன்னிக்கு அவரே கழட்டி எறிஞ்சாரு. 'விரல் மரத்துப் போச்சு ஸோய்கா, கையுறையோட பிடிச்சா கீழ போட்டுருவேன்'னாரு."

"என்கிட்ட சொல்லலையே."

"உன்கிட்டயா? மறுநாளே வீட்டுல உட்கார வச்சிருப்ப."

ரிம்மா மறுபடி உருப்பெருக்கியின் மேல் குனிந்தாள்.

"அழுதுடேன், பொண்ணே."

"வரல, ஸோயாக்கா."

மாடிக்குப் போய் வரைபடத்திலிருந்து புள்ளியை எடுத்துவிட்டு இறங்கி வந்தாள். நாளைக்கு மறுபடி காற்று விட வேண்டும். கூம்பு சுத்தமாக இருக்க வேண்டும்.

"நான் கழுவிக்கிறேன், நீ போ," என்றாள் ஸோயா.

ரிம்மா கையுறை மாட்டிக்கொண்டாள். வழவழப்பான பாதியில் பிடித்துக் கூம்பை, ஒலியால் அதிர்ந்து அழுக்கெடுக்கும் ஸ்பிரிட் தொட்டியில் இறக்கி, பொத்தானை அமுக்கினாள். தொட்டி ரீங்கரித்தது. ஸ்பிரிட் லேசாகக் கலங்கியது.