மகளுக்கு நான் எழுதிய சிபாரிசுக் கடிதம்

மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்ண மூன்று சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும் என்று மகள் சொன்னபோது எனக்கு ஒரே நிம்மதி. அதுவரை அவளுடைய படிப்பில் எனக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை. கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் அவள் பாடு. சிபாரிசு என்றால் அது என் டிபார்ட்மென்ட்.

நான் வளர்ந்த ஊரில் வேலைக்கு மனுப் போட நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பார்கள். கெஜட்டட் ஆபீசர் ஒருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரை குத்தித் தர வேண்டும். எனக்குத் தந்தவர் அப்பாவின் நண்பருடைய மைத்துனர், அரசாங்கக் கால்நடை மருத்துவர். என்னைக் கடந்த ஐந்தாண்டுகளாக நன்கு அறிவதாக அதில் எழுதியிருந்தது. அன்றுதான் அவரை முதல்முதலாகப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தாரா என்பது சந்தேகம்தான். ஒரு மாட்டைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஆனாலும் எனக்கு வேலை கிடைத்தது.

இந்த அனுபவ ஞானத்தோடுதான் அமெரிக்காவில் எங்கள் பிளசன்டன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மகளுடைய பட்டியலை வாங்கிப் பார்த்தேன். அழுக்குத் துணி மூட்டையோடு காலேஜிலிருந்து வந்திருந்தாள். முதல் பெயர் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பேராசிரியர். அவளுக்கு பி மைனஸ் போட்ட புண்ணியவான். இரண்டாவது, அவள் வாலன்டியராகப் போகும் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ். மூன்றாவது, லேபில் அவளுக்கு மேலே இருந்த ஒரு பெண். மூன்று பேரில் ஒருவரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

"பி மைனஸ் போட்டவரா உனக்கு நல்லதா எழுதப்போறார்?"

"ஹீ நோஸ் மீ, அம்மா."

"தெரிஞ்சவங்க வேணாம்டி. பெரியவங்களா வேணும்."

அவள் வாஷிங் மெஷினைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீட் கிடைக்காவிட்டால் அவளுக்கு ஒரு வருஷம் போகும். எனக்கு மானம் போகும். அவள் டாக்டராகப் போகிறாள் என்று இங்கேயும் ஊரிலும் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தேன்.

நல்லவேளையாக நவராத்திரி வந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒரு ஹார்ட் டாக்டர் வீட்டில் கொலு. பெரிய ஆஸ்பத்திரி, பெரிய வீடு, ஏழு படி. என் மகளுக்கு அவர் அங்கிள். அதாவது, அவர் வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறை சுண்டல் சாப்பிடுவாள். அந்த வருஷம் நான் தனியாகப் போனேன். பாடச் சொன்னார்கள், பாடினேன், காரியம் ஆக வேண்டுமே. தாம்பூலம் வாங்கிக்கொண்டு, டிவி பார்த்துக்கொண்டிருந்த டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்ன, நீங்களே டிராஃப்ட் பண்ணிக் கொண்டு வாங்க. சைன் பண்ணித் தரேன்" என்றார். கண் டிவியில் இருந்தது. கால்நடை மருத்துவர் ஞாபகம் வந்தது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஆபீசில் எண்பது பக்கத்துக்கு டாக்குமென்ட் எழுதுகிறவளுக்கு ஒரு பக்கம் ஒரு பொருட்டா? 'இந்த மாணவியைக் கடந்த பத்தாண்டுகளாக நன்கு அறிவேன்' என்ற முதல் வரி தானாகவே வந்தது. மதிப்பான குடும்பத்தைச் சேர்ந்தவள், நன்னடத்தை உள்ளவள், பரதநாட்டியம் கற்றவள். அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. ஏன் டாக்டராக வேண்டும் என்கிறாள்? நான் சொன்னேன் என்பதுதான் எனக்குத் தெரிந்த காரணம். ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறாள்? நீலக் கோட்டு போட்டுக்கொள்கிறாள், அதன் சாயம் வெள்ளைத் துணியில் ஒட்டும். இதையெல்லாம் எழுத முடியுமா? இருபத்தோரு வருஷம் வளர்த்த பெண்ணைப் பற்றிப் பதினோரு வரி தேறியது. எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு ஒரு பக்கமாக்கினேன்.

டாக்டர் அதைப் படிக்கவில்லை. "பொண்ணு பேர் ஸ்பெல்லிங் மட்டும் சரியா இருக்கான்னு பாத்துக்கங்க" என்று கையெழுத்துப் போட்டார். நீல மைதான்.

அடுத்த முறை வந்த மகள் கிச்சனில் நின்றபடியே அதைப் படித்தாள். அவள் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "மதிப்பான குடும்பம்னு எந்த ஹார்ட் டாக்டரும் எழுதமாட்டார் அம்மா. இது நீ." அதை அனுப்பவும் இல்லை. இரண்டு வாரம் அவளுக்கு நான் போன் பண்ணவில்லை. பட்டால்தான் தெரியும் என்று வீட்டுக்காரரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் ஓரிடத்தில் இன்டர்வியூ. முடித்து வீட்டுக்கு வந்தவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டே விவரம் சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் கெமிஸ்ட்ரி பேராசிரியரின் கடிதத்தை வைத்துக்கொண்டே அரை மணி நேரம் பேசினாராம். முதல் பரீட்சையில் இவள் ஃபெயில். மறுநாள் காலை அவருடைய அறை வாசலில் நின்றிருக்கிறாள். மார்க் கேட்டு வந்திருக்கிறாள் என்று அவர் நினைத்தாராம். எங்கே தப்பாக யோசித்தேன் என்று காட்டுங்கள் என்றாளாம். அதன் பிறகு அந்த டேர்ம் முழுக்க, அவர் மாணவர்களைப் பார்க்கும் செவ்வாய்க்கிழமை ஒன்றுகூடத் தவறவில்லையாம். தான் போட்ட மார்க்குகளிலேயே தனக்கு மிகவும் பிடித்தது அந்த பி மைனஸ் என்று எழுதியிருந்தாராம். பிறகு அங்கேயேதான் அவளுக்கு இடமும் கிடைத்தது.

ஆனால் அன்றைக்கு எனக்கு இன்டர்வியூ எல்லாம் காதில் ஏறவில்லை.

"நீ ஃபெயில் ஆனியா? எப்போ?"

"செகண்ட் இயர்."

இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முன்பின் தெரியாத ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியாருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

"என்கிட்ட ஏன்டி சொல்லலை?"

எப்போதும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள் அன்று தமிழில் சொன்னாள். கோபமெல்லாம் இல்லை. ஒரு சுளையை என் பக்கம் நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"சொன்னா நீ யாராவது அங்கிளைப் பாக்கப் போயிருப்பே."

போயிருப்பேன்தான். எந்த அங்கிளை என்றுகூட எனக்குத் தெரியும்.