அரங்கசாமியின் இரண்டரை இஞ்ச் நியாயம்

சுல்தான்பேட்டைப் பக்கம் அரங்கசாமியைப் போல நேர்மையான மனிதரைக் காண்பது அரிது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்துவிட்டால் எழுந்து போய்க் கேட்டு வாங்குவார். பக்கத்துத் தோட்டத்து முருங்கைக்காய் வேலி தாண்டி இவர் தலையில் இடித்தாலும் ஒதுங்கிப் போவாரே தவிர, பறிக்க மாட்டார். வாய்க்கால் தண்ணீரை மட்டும் திருடி வந்தார். 'திருடி' என்று கூட நாம்தான் சொல்கிறோம். அவர் வாயில் அந்தச் சொல் வந்ததே இல்லை. "வாய்க்கா நம்மூடு வரைக்கும் சித்த வந்துட்டுப் போகுதுங்க" என்பார், ஏதோ மகள் பிறந்த வீட்டுக்கு வந்து போவதைப் போல.

பாசன வாய்க்கால் அவர் தென்னந்தோப்பை உரசிக்கொண்டு போகிறது. தண்ணீரை முறை வைத்து விடுகிறார்கள். இவருக்கும் ஒரு முறை உண்டு. அது போதாது என்பது இவர் கருத்து. ஆகவே கரையைக் குடைந்து, மண்ணுக்கடியில் ஒரு பைப்பைப் பதித்து, மறுமுனையைத் தன் கிணற்றுக்குள் நீர்மட்டத்துக்குக் கீழே விட்டிருந்தார். பைப் போகும் பாதைக்கு மேலே எருக்குழி. சாணத்தைக் கிளறி உண்மையைத் தேடும் அளவுக்கு அரசாங்கத்துக்கு உண்மை மேல் பிரியம் கிடையாது என்று கணித்திருந்தார். பல கோடைகளாக அந்தக் கணிப்பு பலித்து வந்தது.

நியாயம் இல்லாமல் எதையும் செய்கிறவர் அல்லர். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பதித்திருப்பது நாலு இஞ்ச் பைப், இவருடையது இரண்டரை. நாலு இஞ்ச் என்றால் பேராசை, இரண்டரை இஞ்ச் என்றால் தேவை. அதுபோக, வாய்க்கால் வெட்டும்போது நிலம் கொடுத்தது இவருடைய அப்பா. அதற்கு அப்பா நஷ்டஈடு வாங்கியது குடும்பத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஒரே ஒரு இடைஞ்சல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவர் மனைவி வள்ளியாத்தாளின் தம்பி நஞ்சுண்டனுக்கு நிலம் இதே வாய்க்காலின் கடைசியில், தாராபுரம் போகிற வழியில் இருக்கிறது.

"தம்பி போன் பண்ணியிருந்தானுங்க. இந்த முறையும் அங்க தண்ணி எட்டிப் பாக்கலையாம். இருந்த எருமையையும் வித்துப்போட்டானாம்."

"நாம உட்டா மட்டும் அவனுக்குப் போய்ச் சேந்துருமாக்கும்? எடையில எத்தன பேரு வாயத் தொறந்துட்டுக் கெடக்கறானுக. எவனோ குடிக்கறதை நம்ம மரம் குடிச்சுப்போட்டுப் போகுது."

"எடையில இருக்கறவனும் இதையேதானுங்களே சொல்லுவான்?"

"அவன் சொன்னா அது திருட்டு நியாயம் புள்ள. நான் சொல்றது அனுபவம்."

வள்ளியாத்தாள் அதற்கு மேல் பேசவில்லை. அரங்கசாமி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் செய்த பெரிய தவறு அதுதான். பைப் அதற்குப் பிறகுதான் வரும்.

மழை பொய்த்த இந்த வருடம் அதிகாரிகள் வாய்க்கால் நெடுகச் சோதனை போட்டார்கள். பைப் பிடிபட்டால் கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் போய்விடும். மோட்டார் நின்றால் தோப்பு போகும். ஒவ்வொரு தென்னங்கன்றுக்கும் தன் கையால் குழி வெட்டி வைத்தவர் அரங்கசாமி. பணம் காசு போனால் பேசாமல் இருப்பார், தோப்பு அப்படியில்லை.

ஒருநாள் காலையில் ஜீப் வந்தது. இளம் இன்ஜினியர் மௌனிகாவும், கரண்ட் வேலைக்கு முகமது யூசுப்பும், கடப்பாரையோடு நாலு ஆட்களும் இறங்கினார்கள். கரையைத் தட்டினார்கள், கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், புதரை விலக்கினார்கள். எருக்குழியை மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போனார்கள். அரங்கசாமி துண்டை இடுப்பில் கட்டி, உலகமே கைவிட்ட விவசாயியாக நின்றார்.

"ஏனுங்க அம்மணி, சித்த அண்ணாந்து பாருங்க. குரும்பை பூராவும் கொட்டிப்போச்சுங்க. எளனி வெட்டுனா காத்துதான் வருது. தண்ணி திருடறவன் தோப்பு இப்பிடியா இருக்கும்?"

மௌனிகா அண்ணாந்து பார்த்தார். துடியலூர் அடுக்குமாடியில் வளர்ந்தவர். மரம் உயரமாக இருக்கிறது என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "செரிங்க ஐயா, நாங்க வாரோம்" என்று ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

அப்போதுதான் வள்ளியாத்தாள் ஒரு குலை இளநீரும் அரிவாளுமாக வந்தார்.

"ஏனுங்க, காலைல இருந்து வெய்யில்ல காயறாங்க. ஒறம்பரையாட்ட ஊடு தேடி வந்தவங்கள வெறும் வாயோட அனுப்பறதுங்களா? இந்தாங்க, சீவுங்க."

அரங்கசாமி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தோப்பு தப்பியிருக்கும். ஆனால் அந்த வாசலுக்கு வசூலுக்கு வந்தவன், பெண் பார்க்க வந்தவன், வழி தவறி வந்தவன் ஒருவன்கூட வாய் நனைக்காமல் போனதில்லை. ஜெயிலுக்குப் போனவன்கூடத் திரும்பி வந்து சந்தைக்குள் தலைநிமிர்ந்து நடக்கலாம். வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காதவன் எந்த முகத்தோடு நடப்பான்? அரிவாளை வாங்கினார். இந்தக் காயாவது சொத்தையாக இருக்கட்டும் என்று குலசாமியை வேண்டிக்கொண்டே சீவினார். குலசாமிக்கு அன்று வேறு வேலை இருந்திருக்க வேண்டும். தண்ணீர் பீய்ச்சியடித்து மௌனிகாவின் துப்பட்டாவை நனைத்தது.

மௌனிகா குடித்தார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி குடித்தார். "அடேங்கப்பா, இன்னும் பாதி இருக்குதுங்களே" என்றவருக்கு, வள்ளியாத்தாள் இரண்டாவதையும் நீட்டினார்.

"காத்துன்னு சொன்னாரு. எனக்கு வயிறு ரொம்பிப்போச்சுங்க மேடம்" என்றார் யூசுப்.

மௌனிகாவின் முகம் மாறியது. "ஐயா, மோட்டாரப் போடுங்க."

மோட்டார் ஓடியது. கிணற்றுப் படியைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீர், எவ்வளவு இறைத்தும் படியை விட்டு இறங்கவில்லை. மௌனிகா கிணற்றைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், இரண்டுக்கும் நடுவில் இருந்ததைப் பார்த்தார். "அந்தக் குழியத் தோண்டுங்க" என்றார்.

"தோண்டுங்க, தோண்டுங்க! நானென்ன பொணத்தையா பொதைச்சு வெச்சிருக்கறேன்?" என்று அரங்கசாமி நிமிர்ந்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை என்றதும் அவருக்கு ஒரு புதுத் தெம்பு வந்துவிட்டது.

"இது திருட்டுங்க ஐயா."

"திருட்டுன்னா எடுத்தவன் வெச்சிருக்கோணும். நான் எங்கீங்க வெச்சிருக்கறேன்? மரத்துக்கு உட்டேன், மரம் எளனியாக் குடுத்துச்சு, நீங்க குடிச்சுப்போட்டீங்க. இப்பத் தண்ணி ஆருகிட்ட இருக்குது?"

மௌனிகா நனைந்த துப்பட்டாவை உதறினார். "அது... சோதனைக்குக் குடிச்சதுங்க."

"ரெண்டாவதுமுங்களா?"

யூசுப் திரும்பிக்கொண்டு கரண்ட் கம்பத்தை வெகு கவனமாக ஆராய்ந்தார். "யூசுப் அண்ணா, லைனைக் கட் பண்ணுங்க" என்றார் மௌனிகா, தேவைக்கு மேல் சத்தமாக. மோட்டார் முனகி நின்றது.

அரங்கசாமி மனைவியிடம் திரும்பினார். "ஏம்புள்ள, தெரிஞ்சேதான் காய் கொண்டாந்தியா?"

"காட்டிக் குடுத்தேன்னு சொல்றீங்களா? நான் ஒரு பேச்சுப் பேசுனேனுங்களா? வந்தவங்களுக்கு எளனி குடுத்தேன். எங்கூட்டுல அப்பிடித்தான் வளத்துனாங்க." வள்ளியாத்தாள் கண்ணைத் தாழ்த்தவே இல்லை. தன் வீட்டில் தன்னைத் தவிர இன்னொருவருக்கும் இந்த வித்தை தெரியும் என்பதை அரங்கசாமி அன்றுதான் அறிந்தார்.

ஆட்கள் எருக்குழியை நெருங்கினார்கள். அவர் ஓடிப்போய் ஒருவன் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கினார். "என்ற பைப்பு. எவனும் தொடப்படாது. நானே எடுத்துக்கறேன்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் அளவு சாணத்தில் இறங்கிக் குத்தத் தொடங்கினார்.

மௌனிகாவுக்கு மனசு கேட்கவில்லை. குழி ஓரம் வந்து நின்றார். "ஐயா, மரம் காஞ்சு போறதைப் பாக்க எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது. செஞ்சது தப்புன்னு எல்லாருக்கும் முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க. மேல பேசி, சீக்கிரம் கரண்ட் குடுக்கச் சொல்றேன்."

"சொல்லிப்போடுங்க" என்றார் வள்ளியாத்தாள். இந்தத் தடவை குரல் உடைந்திருந்தது. "அத்தனையும் நீங்க வெச்ச மரமுங்க."

அரங்கசாமி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். தோப்பைப் பார்த்தார். ஒவ்வொரு மரமாகப் பார்த்தார்.  யூசுப் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"தப்புத்தானுங்க" என்றார் அரங்கசாமி.

மௌனிகா மூச்சு விட்டார்.

"இன்னுஞ் சித்த ஆழமாப் பதிச்சிருக்கோணும். அது என்ற தப்புத்தான்."

யூசுப் மிச்ச ஒயரையும் சுற்றி ஜீப்புக்குள் போட்டார். வள்ளியாத்தாள் தலையில் அடித்துக்கொண்டார். குழிக்குள் கடப்பாரை மறுபடி இறங்கியது. ஜீப் வாய்க்கால் மேட்டில் ஏறும்வரை, நாலு இஞ்ச்சுக்கும் இரண்டரை இஞ்ச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் சாணத்துக்கு விளக்கிக்கொண்டே இருந்தார்.