தகரத்தில் கை வைத்துக் கேட்டவர்

எங்கள் புதுக் குழுவின் முதல் கச்சேரியில் நான் பேஸ் கிட்டார் வாசித்தேன். அது எனக்கு மட்டுமே தெரியும். ட்ரம்ஸ் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"அடுத்த ரிசப்ஷன்லயும் கேக்கலன்னா சொல்லிரு மக்கா, பேஸை நானே கீபோர்டுல எடக்கையால வாசிச்சுருதேன்" என்றான் கீபோர்டுக்காரன்.

கையிலிருந்த பணத்துக்கு, கிட்டார் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் ஒரு ஆம்ப் பெட்டி தேடி, சங்கரன்கோவிலில் மூன்று கடை ஏறி இறங்கிச் சலித்து, கடைசியில் ஒரு மைக் செட்காரரிடம் போனேன். நரைத்த மீசை, காதில் பென்சில் போலச் செருகிய டெஸ்டர். பழைய ஆம்ப் இரண்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் என்னை வாசிக்கச் சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போனார். எதிர் டீக்கடையின் தகரத் தட்டியில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி நின்றார்.

"சின்னது வீட்டுக்குள்ள வாசிக்கத்தான் ஆகும், வே. ட்ரம்ஸ் முழுங்கிரும். பெருசு முன்பக்கத் துணி கிழிஞ்சிருக்கு, வெயிட்டும் ஜாஸ்தி. ஆனா அதிர்வு தகரம் வரைக்கும் வருது. வெலை ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்போ பெருசே குடுங்க அண்ணாச்சி."

"யோசிச்சுக்கிடும். நீரு விடுத தப்பும் அங்கன வரைக்கும் வருது."

கீபோர்டுக்காரனின் இடது கையை நினைத்துக்கொண்டு பெரியதையே தூக்கினேன். என் இடுப்பு இன்னும் அதை மறக்கவில்லை.

ரிசப்ஷனுக்கு மைக் செட் அவருடையதுதான். நான் வாசித்தேன், கீபோர்டுக்காரன் இடது கையைச் சும்மா வைத்திருந்தான். மண்டபத்தின் கடைசியில் அவர் இரும்புக் கதவில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தாளத்துக்கு ஆட்டினாரா, தப்புக்கு ஆட்டினாரா என்று கேட்க எனக்கு இன்றுவரை தெம்பு வரவில்லை.