கோழி ஒதுக்கிய ஓடு

1. தடித்த உதடு

எங்கள் விலங்கியல் பேராசிரியர் ஓய்வு பெறும் மாதத்தில்தான் அந்த நத்தை ஓடுகள் என் மேஜைக்கு வந்தன. புதுச்சத்திரம் பக்கம் ஓர் ஏரிக்கரையில் அவரே பொறுக்கியவை.

"மல்லிகா, இது புது இனம்மா. நான் போறதுக்குள்ள பேப்பர் அனுப்பிடணும். டிஸ்கிரிப்ஷன் நீ எழுதிக் குடு" என்றார். ஆயுசெல்லாம் நத்தைக்குப் பின்னால் அலைந்த மனிதர். சொந்தமாக ஓர் இனத்துக்கும் பெயர் வைத்ததில்லை. அந்த ஏக்கம் கல்லூரிக்கே தெரியும்.

நுனி மேலே, வாய் நம்மைப் பார்த்து. ஓட்டை அப்படி வைத்துத்தான் எழுத வேண்டும். உயரம், அகலம், சுற்றுகள் என்று மளமளவென எழுதினேன். உதட்டுக்கு வந்ததும் கை நின்றது. உதடு என்பது வாயின் விளிம்பு. நம் ஏரிகளின் கோபுர நத்தைக்கு அது மெல்லியது, அழுத்தினால் உடையும். இதில் தடித்துப் புரண்டிருந்தது. சார் புது இனம் என்றது அதனால்தான். எனக்கு இருப்புக்கொள்ளாமல் போனதும் அதனால்தான். ஒன்றில்கூட வாயை அடைக்கும் மூடி இல்லை, சதை இல்லை. எல்லாம் வெளுத்த ஓடு.

"உயிரோட ஒண்ணு பாத்துட்டு எழுதறேன் சார்."

"உனக்கு ஒரு இடத்துல கால் நிக்காதே! போயிட்டு வா. வெள்ளிக்கிழமை அனுப்பியே ஆகணும்."

2. எருக்குவியல்

மறுநாளே பஸ் பிடித்தேன். முழங்கால் தண்ணீரில் இறங்கிச் சேறு, கல், பாசி எல்லாவற்றையும் துழாவினேன். வழக்கமான நத்தைகள் கிடைத்தன. அது மட்டும் இல்லை. எரிச்சலோடு கரையேறினால், பக்கத்து மேட்டுக்காட்டில் பயிருக்குக் கொட்டியிருந்த கோழி எருவில் வெள்ளையாக என்னவோ தெரிந்தது. கிளறினேன். அதே தடித்த உதடு. ஒன்றைக் கையில் எடுத்தேன்.

காட்டுக்காரப் பெண் ஓடி வந்தார். "ஏனுங்க, எருவுல என்னத்தத் தேடறீங்க?"

"இந்த ஓடு எப்படிங்க இங்க வந்துச்சு?"

"கோழிப்பண்ணையில முட்டை ஓடு கெட்டியாகறதுக்குத் தீனியோட கிளிஞ்சல் போடுவாங்கங்க. கடல் பக்கமிருந்து லாரியில வருது. பெருசா இருந்தா கோழி கொத்தாம ஒதுக்கிரும். எருவோட இங்க வந்துருதுங்க."

மழை அதை ஏரிக்கு இழுத்துப் போயிருக்கிறது. சாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வழி முழுக்கத் தவித்தேன்.

3. லேபிள்

சொன்னேன். எருவில் எடுத்ததையும் தன்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸில் வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப அனுப்பறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். அன்றிலிருந்து உயிருள்ளதைப் பார்க்காமல் எந்த ஓட்டுக்கும் நான் வாழிடம் எழுதுவதில்லை. கிடந்த இடம் வேறு, வாழ்ந்த இடம் வேறு. இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

ஓடுகளைக் குப்பையில் போடுவார் என்று நினைத்தேன். பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"கேட்டலாக்ல ஏத்து. கோழித்தீனியோட வந்த கடலோர நத்தைன்னு தெளிவா எழுது."

"சேகரிச்சவர் பேர் சார்?"

"என் பேர்தான். இனிஷியலோட போடு. இன்னொருத்தன் இதைப் பொறுக்கிட்டுத் துள்ளிக் குதிச்சா, தனக்கு முன்னாடியே ஒருத்தன் குதிச்சிருக்கான்னு அவனுக்குத் தெரியட்டும்."