பிரகலாதனின் மூக்கு

பிரகலாதனைப் போல நாலு மெக்கானிக்குகள் இருந்திருந்தால் திருகோணமலையில் நான் உதிரிப்பாகக் கடையை எப்போதோ இழுத்துப் பூட்டியிருப்பேன். எஞ்சின் விளக்கு எரிந்து, கம்பியூட்டரும் ஒட்சிசன் சென்சரைக் காட்டினால் மற்றவர்கள் புதுச் சென்சர் வாங்க என்னிடம் ஓடி வருவார்கள். இவர் சைலன்சருக்குப் பின்னால் குந்தியிருந்து புகையை மோந்து பார்த்துவிட்டு, அண்ணன் முறை வைத்து என்னிடம் சொல்வார்.

"பெற்றோல் காணாது, குறைவு எண்டு சென்சர் சொல்லுது, ஸப்வான் நானா. புகையில எண்டா பச்சைப் பெற்றோல் மணக்குது. அப்ப சென்சரில பிழையில்லை. சென்சருக்கு முன்னுக்குப் புகைக்குழாய் வெடிச்சு வெளிக்காத்து உள்ள போகுது. அதுதான் சென்சர் ஏமாறுது."

உப்புக்காற்றில் துருவேறிய இடத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிவிடுவார். என் வியாபாரத்தில் மண் விழும்.

போன மாரியில் அவருக்குக் கடும் காய்ச்சல். எழும்பி வந்த பிறகு அவரும் சென்சர் வாங்கத் தொடங்கினார். முதலில் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன். ஆனால் குச்சவெளியிலிருந்து நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வரும் இல்ஹாமின் வானுக்கு இரண்டாவது சென்சரும் போட்டு, விளக்கு மறுபடியும் எரிந்ததாகக் கேள்விப்பட்டதும் மனம் கேட்கவில்லை. சீனன்குடா வீதியில் இருக்கும் அவருடைய கராஜுக்குப் போனேன்.

உள்ளே கால் வைத்ததும் பெற்றோல் மணம் முகத்தில் அடித்தது. பெற்றோல் கான் ஒன்று சரிந்து நிலமெல்லாம் ஈரம். அதன் நடுவில் நின்று, ஒரு காருக்கு வெல்டிங் பிடிக்கக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தார் பிரகலாதன். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"உங்களுக்கென்ன விசரா? பெற்றோல் மணக்கல்லையா?"

அவர் காலடியைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"ஒண்டும் மணக்குதில்லை நானா. காய்ச்சலோட போனது. வீட்டில மனிசிக்கும் சொல்லேல்லை. டொக்டர் வரும் வரும் எண்டுறார்."

இருவருமாக மண்ணை அள்ளிப் போட்டோம். அந்த நேரம் பார்த்து இல்ஹாம் வானைக் கொண்டுவந்து வெளியே வீதியோரம் நிறுத்தினான்.

பழக்கதோஷத்தில் பிரகலாதன் போய்ச் சைலன்சருக்குப் பின்னால் குந்தினார். கண்ணை மூடி நீளமாக மூச்சை இழுத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் குனிந்து மோந்தேன். இத்தனை வருஷம் சென்சர் விற்றும் எனக்கு அது வெறும் புகைதான். உதட்டைப் பிதுக்கினேன். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"தம்பி, வேற ஆரிட்டயும் காட்டுங்கோ. எனக்கு ஏலாது," என்றார் அவனிடம்.

இல்ஹாம் பகிடி என்று நினைத்துச் சிரித்தான்.

"நீங்க மோந்து சொன்னாத்தான், அண்ணன், எனக்கு நம்பிக்கை," என்று சாவியை அவர் கையில் திணித்துவிட்டுத் தேத்தண்ணிக் கடைப் பக்கம் நடந்தான்.