விளாவிய தண்ணீர்

கருகும் வாடையை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, வர்க்கி. ஏலக்காய் ஸ்டோரில் (பச்சைக் காயை அனலில் உலர்த்தும் கட்டடம்) அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர் அவர். மலையாளத்துக்காரர். "வீராயி, எந்தோ கரியுதல்லோ" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே வந்தவர், என் வலது கையைப் பார்த்ததும் அலறிவிட்டார். அனல் ஓடும் இரும்புக் குழாயின் மேல் என் சுண்டுவிரல் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையை ஊன்றிக்கொண்டுதான் நான் பக்கத்துப் பெண்ணிடம் கதை பேசிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வலிக்கவில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வலித்தால் வைத்தியரிடம் ஓடுவோம். வலிக்காததற்கு யாராவது ஓடுவார்களா? நானும் ஓடவில்லை. சிரித்துக்கொண்டே விரலைப் பழந்துணியால் சுற்றிக்கொண்டு மறுபடி வேலையைப் பார்த்தேன்.

வெள்ளைக்காரன் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த காலம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. என் வீட்டுக்காரர் செல்லையா ராசிங்காபுரத்துக்காரர். மழை பொய்த்து வெள்ளாமை படுத்ததும் அவரும் நானும் அவருடைய தங்கை பூவாயியும் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துக்குப் போய், லயத்தில் (வரிசையாகக் கட்டிய கூலி வீடுகள்) தங்கினோம். போன மறு வருஷம் சித்திரையில் பவுனு பிறந்தாள்.

உலர்ந்த காயைச் சூடு ஆறுவதற்குள் கம்பி வலையில் போட்டு உள்ளங்கையால் தேய்க்க வேண்டும். அப்போதுதான் காம்பு உதிரும். சாக்குத்துணியால் தேய்த்தால் தோல் வதங்கி நிறம் கெட்டுவிடும் என்பார் கங்காணி. மற்றப் பெண்கள் நாலு இழுப்பு தேய்த்துவிட்டு "ஆத்தாடி" என்று கையை உதறுவார்கள். நான் மூட்டை மூட்டையாகத் தேய்த்துத் தள்ளுவேன். தோட்டத்தில் என் பேரே மாறிவிட்டது. "இரும்புக் கைக்காரியக் கூப்பிடு" என்றால் நான்தான்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை! பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் ஒருத்தர் வாயாலும் நல்ல பேர் வாங்காதவள் நான். முதன்முதலாக வந்த நல்ல பேர் இந்தக் கையால் வந்தது. அதை எப்படி நோய் என்று நினைப்பேன்?

நினைக்க வைக்க ஓர் ஆள் இருந்தார். பவுனுக்குச் சளி பிடித்து, போடிக்கு இறங்கிப்போனபோது, மருந்து கலக்கிக் கொடுத்த கம்பவுண்டர் என் முன்கையை உற்றுப் பார்த்தார். அங்கே தேமல் மாதிரி வெளிறிய படை ஒன்று இருந்தது. அரிக்காது, வேர்க்காது. பேனா முனையால் அதன்மேல் குத்தினார்.

"தெரியுதாத்தா?"

"என்னது?"

அவர் முகம் சுருங்கிப்போனது. குரலைத் தாழ்த்தி, "இது தேமல் இல்லத்தா. நரம்புச் சீக்கு. பெரிய ஆஸ்பத்திரியில வெரசா காட்டிரு. இப்பன்னா கை தப்பிக்கும்" என்றார். எந்தச் சீக்கு என்று அவர் பேர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குப் புரிந்தது. ஊரில் அதற்குப் பெருவியாதி என்று பேர். வந்தவளை வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள், பிள்ளையைத் தொட விட மாட்டார்கள். மலைக்குத் திரும்பும் ஜீப்பில் பவுனை மடியில் இறுக்கிக்கொண்டு, முழுக்கை ரவிக்கை ஒன்று தைத்துப் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தேன். நான் எடுத்த சிகிச்சை அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஆவணியில் முதல் அடுப்பு மூட்டினார்கள். முதல் அடுப்பு மூட்டும் அன்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு சுமங்கலி உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்து அடுப்பு வாயில் காட்டுவாள். சூடு பொறுக்காமல் பாதியிலேயே தட்டில் கொட்டிவிடுவதுதான் எப்போதும் நடப்பது. அந்த வருஷம் கங்காணி என்னைக் கூப்பிட்டார். கட்டிக் கற்பூரம் என் கையில் எரிந்தது. நான் ஸ்டோரை மூன்று சுற்று நிதானமாகச் சுற்றி வந்தேன். எரிந்து தானாக அணைந்தது. குலவைச் சத்தம் காதை அடைத்தது.

"கையில ஆத்தா வந்து உக்காந்துட்டா!" என்று கங்காணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பத்து வருஷம் மூத்த பெண்கள் என் காலில் விழுந்தார்கள். உள்ளுக்குள் கம்பவுண்டர் குரல் கேட்டது. கேட்டும் விபூதித் தட்டைக் கையில் வாங்கினேன். விபூதி பூசிவிட்டேன், எல்லாருக்கும், அந்தக் கையாலேயே. வர்க்கி மட்டும் கிட்டே வரவில்லை. "தீயைத் தெரியாத கை நல்லதல்ல" என்று முனகிவிட்டு விறகு எடுக்கப் போய்விட்டார். பொறாமை பிடித்த மனுசன் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த தை மாதம். பவுனுக்கு ஒன்பது மாதம். எப்போதும் பூவாயிதான் அவளைக் குளிப்பாட்டுவாள். அன்று பூவாயி சந்தைக்குப் போடிக்கு இறங்கியிருந்தாள். நான் வெந்நீர் வைத்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவினேன். வலது கையை விட்டுப் பார்த்தேன். இதமாக இருந்தது. இதமாக இருந்தது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஆவி பறந்திருக்குமே, தெரியவில்லையா என்று கேட்பீர்கள். தைப் பனியில் அந்த மலையில் மூச்சு விட்டாலே ஆவிதான். கால் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு, இடது கையால் தலையைத் தாங்கிக்கொண்டு ஒரு செம்பு ஊற்றினேன். வீறிட்டாள். குளிக்கும்போது அழாத பிள்ளை ஏது? "இந்தா முடிஞ்சிருச்சு, என் தங்கம், முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது செம்பையும் ஊற்றினேன். மூன்றாவது செம்பில்தான் ஒரு துளி என் இடது மணிக்கட்டில் தெறித்தது. சுரீர் என்றது.

அந்தத் தண்ணீர் என் கால்கள் மேல்தான் ஓடி வடிந்தது. முழங்காலுக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கால்களும் போய்விட்டன என்பதை அன்றுதான் அறிந்தேன். பிறகு பார்த்தால் அங்கேயும் கொப்புளம்.

நான் போட்ட சத்தத்துக்கு வர்க்கி ஓடிவந்தார். வாழைக்குருத்தை அறுத்து வந்து பிள்ளையின் முதுகை அதில் ஏந்தினார். அண்டாவுக்குள் விரலை விட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "அய்யோ, இது தீயாணல்லோ!" என்றார். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு இறங்க இறங்கப் பவுனுடைய அழுகை குறைந்துகொண்டே வந்தது. அது குறையக் குறைய, நான் அவள் வாயருகே காதை வைத்து மூச்சைத் தேடிக்கொண்டே வந்தேன்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். மதுரைக்குக் கொண்டுபோய் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்து காப்பாற்றினார்கள். அங்கேதான் ஒரு டாக்டர் என்னையும் உட்கார வைத்தார். பஞ்சால் தடவினார். கண்ணை மூடச் சொல்லி, இரண்டு கண்ணாடிக் குப்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக என் கையில் வைத்து எது வெந்நீர், எது பச்சைத் தண்ணீர் என்று கேட்டார். மூன்று தரமும் தப்பாகச் சொன்னேன். முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் விரலை வைத்து, அங்கே கயிறு மாதிரி தடித்திருந்த நரம்பை உருட்டிக் காட்டினார். "தொழுநோய்மா. கிருமி நரம்புக்குள்ள போயி உக்காந்திருக்கு. மாத்திரை இருக்கு, கிருமியைக் கொல்லலாம். செத்த நரம்பை எழுப்ப முடியாது. ஆறேழு மாசம் முந்தி வந்திருந்தா வேற பேச்சு" என்றார்.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். வராந்தாவுக்கு வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "கம்பவுண்டர் சொன்னாரு" என்றேன்.

"இந்தக் கையவா நான் கண்ணுல ஒத்திக்கிட்டேன்" என்றார். காறித் துப்பினார். என்மேல் இல்லை, தரையில்தான். பிள்ளை தேறியதும் அவரும் பூவாயியும் அவளைத் தூக்கிக்கொண்டு ராசிங்காபுரத்துக்குப் போய்விட்டார்கள். பஸ்சு ஏறும்போது பிள்ளை முகத்தைக் காட்டச் சொல்லிக் கெஞ்சினேன். பூவாயி முந்தானையால் மூடிக்கொண்டாள்.

வடக்கே இந்த நோய்க்கென்று இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் நாலரை வருஷம் கிடந்தேன். சல்போன் மாத்திரை (கிருமி வளராமல் தடுப்பது) தினமும் உண்டு. முதல் மழைக்காலத்தில் ஒரு காலை எழுந்தபோது பாயில் ரத்தம். மோதிரவிரல் நுனியை எலி தின்றிருந்தது. தூக்கம்கூடக் கலையவில்லை. நோய் விரலைத் தின்னும் என்று ஊரில் சொல்வது பொய். நோய் காவலை மட்டும்தான் எடுத்துவிடுகிறது. தின்பவை நெருப்பும் முள்ளும் எலியும்.

விரல்கள் மடங்கிக் கொக்கி மாதிரி ஆகியிருந்தன. முன்கையில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு தசைநாணை (தசையை எலும்போடு கட்டும் நார்) விரல்களுக்கு மாற்றித் தைத்தார்கள். ஐந்து மாதம் பழகி, செம்பு பிடிக்கவும் பென்சில் பிடிக்கவும் கற்றேன். பிடிப்பு வந்தது, உணர்ச்சி வரவில்லை. எதைத் தொட்டாலும் கண்ணால் பார்த்துத்தான் தொட்டதை உறுதிப்படுத்த வேண்டும். இருட்டில் எனக்குக் கை கிடையாது.

உங்கள் உடம்பில் அரிக்காத, வேர்க்காத, கிள்ளினால் தெரியாத படை இருந்தால், சுண்டுவிரல் காரணமில்லாமல் மரத்திருந்தால், நாளைக்கு என்று சொல்லாதீர்கள். பேருக்குப் பயந்து நான் ஏழு மாதம் ஒளித்தேன். எதை இழந்துவிடக் கூடாது என்று ஒளித்தேனோ, அதன் முதுகில்தான் ஊற்றினேன். நரம்பு நமக்காகக் காத்திருக்காது.

நோய் இனி பரவாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தோடு ராசிங்காபுரத்துக்குப் போனேன். என் வீட்டுக்காரர் வேறு கல்யாணம் செய்துகொண்டு மலைக்கே போய்விட்டிருந்தார். பூவாயிதான் பவுனை வளர்த்தாள். என்னைக் கண்டதும் கதவை அடைப்பாள் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் நிலைப்படியில் நின்று என்னைப் பார்த்தாள். அழுதாள். பிறகு, "வந்ததும் வந்துட்ட. இன்னிக்கு அவளுக்குத் தலைக்கு ஊத்தணும். தண்ணிய நான் வெளாவுறேன், நீ தொடக் கூடாது. முதுகு வேணா தேச்சுவிடு மதினி" என்றாள்.

ஐந்து வயது முடிந்த பிள்ளை மணையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் யார் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. தோளிலிருந்து இடுப்பு வரை தழும்பு, மெழுகு உருகி உறைந்த மாதிரி. சீயக்காயை எடுத்து என் வலது கையால் தேய்த்தேன். என் கைக்கு அவள் தோல் தெரியவில்லை. தேய்க்கிறேன் என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தேய்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நாலரை வருஷத்தையும் அந்த முதுகிலேயே கழித்துவிடலாம் போலிருந்தது.

பவுனு பொறுமை இழந்து திரும்பாமலே கேட்டாள்:

"குளிருது. எப்பத்தான் தேய்க்கப் போறீங்க?"